ஸ்டார் பிளேயருக்கு 'அடியாள்' காவல் போதுமா? ஐஸ் ஹாக்கியை மிரட்டிய ஜான் பெர்குசன் கதை!

ஐஸ் ஹாக்கியில் ரெண்டு பேர் குத்துச்சண்டை போட்டாலும் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. 5 நிமிடம் வெளியே உட்கார்ந்துவிட்டு திரும்ப வந்து ஆடலாம். வட அமெரிக்காவின் என்ஹெச்எல் தொடரில் இந்த விதியை நம்பியே ஒரு வேலை உருவானது. அதற்குப் பெயர் 'என்ஃபோர்சர்'. நம்ம ஸ்டார் மேல கை வச்சா இவர் திருப்பி அடிப்பார், அந்தப் பயத்தில் ஸ்டாரை யாரும் தொட மாட்டாங்க என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கு சரியா? இந்த வேலையின் முன்னோடியாகச் சொல்லப்படும் ஜான் பெர்குசனின் கதையைப் பார்ப்போம்.

1938-ல் கனடாவின் வான்கூவரில் பிறந்தவர். சின்ன வயதில் உள்ளூர் அணிக்கு மட்டை எடுத்துக் கொடுக்கும் பையன். அப்போது தன் அணியின் நட்சத்திர வீரரை எதிரணிக்காரர் போட்டு அடிக்க, சக வீரர்கள் வேடிக்கை பார்த்தார்களாம். அது அவர் மனசில் ஆழமாகத் தைத்துவிட்டது.

1963-ல் மான்ட்ரியல் கனடியன்ஸ் அவரை எடுத்தது. அணியின் கேப்டன் ழான் பெலிவோவை எதிரணிகள் முரட்டுத்தனமாக மடக்கிக்கொண்டிருந்த நேரம். பாஸ்டனுக்கு எதிரான முதல் ஆட்டம், 12-வது நொடி. டெட் கிரீனுடன் பெர்குசன் சண்டையில் இறங்கிவிட்டார். அதே ஆட்டத்தில் 2 கோலும் அடித்தார்!

அந்த சீசனில் மிக மதிப்புமிக்க வீரர் விருது பெலிவோவுக்கு. அடுத்து 1965 முதல் 1971 வரை 5 ஸ்டான்லி கோப்பைகள். எல்லாம் பெர்குசன் கைமுஷ்டியால் வந்ததா? அப்படிச் சொல்ல முடியாது. அது ஏற்கெனவே பலமான அணி. அதோடு அவருக்கு உண்மையிலேயே ஆடத் தெரியும். 1968-69 சீசனில் மட்டும் 29 கோல். அதனால்தான் பெலிவோ பக்கத்திலேயே களத்தில் நிற்க முடிந்தது. பின்னாளில் வந்த பல என்ஃபோர்சர்கள் சண்டைக்கு மட்டும் என்று பெஞ்சில் காத்திருந்தவர்கள். பெஞ்சில் உட்கார்ந்தவர் யாரைக் காப்பாற்றுவார்?

1971-ல் பெலிவோவும் பெர்குசனும் ஒன்றாகவே ஓய்வு பெற்றார்கள். கதையின் திருப்பம் அதற்குப் பிறகுதான்.

1972-ல் கனடா - சோவியத் இடையே 8 ஆட்டத் தொடர். பெர்குசன் கனடாவின் உதவிப் பயிற்சியாளர். 5 ஆட்டம் முடிந்தபோது கனடாவுக்கு ஒரே ஒரு வெற்றி. மீதி மூன்றையும் ஜெயித்தே ஆகணும். சோவியத்தின் வலேரி கார்லமோவை நிறுத்தவே முடியவில்லை. மாஸ்கோவில் 6-வது ஆட்டத்தின்போது, கார்லமோவின் கணுக்காலைக் கவனிக்கும்படி பாபி கிளார்க்கிடம் பெர்குசன் சொன்னார். கிளார்க் மட்டையை ஓங்கி அங்கேயே வீசினார்.

ஆம், ஒரு ஸ்டாரைக் காத்துப் பேர் வாங்கிய அதே ஆள்தான் சொன்னது!

கார்லமோவ் 7-வது ஆட்டத்தில் ஆடவில்லை. 8-வதில் வந்தார், ஆனால் பழைய வேகம் இல்லை. கடைசி மூன்றையும் வென்று கனடா தொடரைக் கைப்பற்றியது. அப்படிச் சொன்னதைப் பெர்குசன் பின்னாளில் மறைக்கவும் இல்லை.

பிறகு நியூயார்க் ரேஞ்சர்ஸ், வின்னிபெக் ஜெட்ஸ் அணிகளை நிர்வகித்தார். 2007 ஜூலையில் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 68.