மணலில் அணை நிறுத்திய ஆர்தர் காட்டன்

ஆறு மலையில் அரிக்கும், சமவெளியில் சுமக்கும், கடலருகே வண்டலைப் படிய வைக்கும். பள்ளிப் புவியியலில் எல்லோரும் படித்த பாடம் இது. இதையே தொழிலாகக் கொண்டு, காவிரி, கோதாவரி டெல்டாக்களின் தலையெழுத்தை மாற்றியவர் ஆர்தர் காட்டன்.

இங்கிலாந்தில் 1803 மே 15-ல் பிறந்தவர் காட்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பள்ளியில் பயின்று, சென்னை பொறியாளர் படையில் சேர்ந்து, 1821-ல் இந்தியா வந்தார். பாம்பன் கால்வாய் ஆய்விலும் முதல் பர்மா போரிலும் பணியாற்றிய பிறகு, அவரது கவனம் காவிரியின் பக்கம் திரும்பியது.

காவிரி காய்ந்த காலம்

அப்போது தஞ்சை விவசாயிகள் தண்ணீரின்றித் தவித்தனர். மழை குறைந்ததால் வந்த தவிப்பு அல்ல அது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகும் கொள்ளிடம் நேரானது, சரிவு அதிகம். தெற்கே போகும் காவிரிக்குச் சரிவு குறைவு. சரிவு உள்ள பக்கம் வேகம் கூடும். வேகம் கூடினால் படுகை ஆழமாகும். ஆழமானால் இன்னும் அதிகத் தண்ணீர் அங்கேயே போகும். ஆண்டுதோறும் கொள்ளிடம் ஆழமாக, காவிரியின் வாயில் மணல் மேடிட்டது. பாசனத்துக்கு வேண்டிய நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. காவிரியின் வாயை ஆண்டுதோறும் வெட்டிவிட்டாலும், அடுத்த வெள்ளம் மறுபடி மணலைக் கொட்டியது.

கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டுவதுதான் வழி என்றார் காட்டன். ஆனால் எவ்வளவு தோண்டினாலும் மணல்தான், பாறை இல்லை. மணலில் எப்படிக் கட்டுவது? அதற்கு விடை கல்லணையில் இருந்தது. ஆற்று மணலில் பெரும் கற்களைப் போட்டு, அவை அமிழ அமிழ மேலும் கற்களைப் போட்டு, அசையாத தளம் உருவாக்கிய பழந்தமிழரின் முறையை அவர் கூர்ந்து பார்த்தார். மணலில் அடித்தளம் அமைக்கும் வித்தையை இந்த மண்ணின் முன்னோரிடமே கற்றதாக அவர் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார்.

1836-ல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. கீழே அணைக்கரையில் கீழணையும் அதே காலத்தில் கட்டப்பட்டது. அப்போது காட்டனுக்கு வயது 33. மேலணை காவிரிக்கு நீரைத் திருப்பியது. கீழணை, கொள்ளிடத்தில் வரும் நீரைத் தேக்கி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும், மற்ற வாய்க்கால்கள் வழியாகக் கடைமடைக்கும் கொடுத்தது.

ஆறு கொடுத்த பதில்

கதை அதோடு முடியவில்லை. அணை வந்தபின் நிலைமை தலைகீழானது. காவிரிக்குள் வேகமாக நீர் பாய்ந்து அதன் வாய் ஆழமாகத் தொடங்கியது. கொள்ளிடத்தில் மணல் சேர்ந்தது. எனவே 1840-களில் மேலணையின் ஒரு பகுதி உயரம் குறைக்கப்பட்டது; காவிரியின் தலைப்பிலும் அரிப்பைத் தடுக்கக் குறுக்கே தளம் கட்டப்பட்டது. ஆற்றை ஓரிடத்தில் தொட்டால் இன்னோர் இடத்தில் அது பதில் சொல்லும் என்பதைக் காவிரி கற்றுக்கொடுத்தது.

கோதாவரியில்

அடுத்த பணி கோதாவரி. 1830-களின் பஞ்சமும் 1839-ன் புயலும் அந்த டெல்டாவை நொறுக்கியிருந்தன. 1821-ல் சுமார் 7.38 லட்சமாக இருந்த ராஜமுந்திரி மாவட்ட மக்கள்தொகை, 1841-ல் 5.61 லட்சமாகச் சரிந்தது. பெரிய ஆறு பக்கத்தில் ஓட, மக்கள் பசியில் மடிந்தார்கள். வெள்ளம் வந்தால் ஊர் மூழ்கியது.

தவளேஸ்வரத்தில் ஆறு சுமார் 6 கிலோமீட்டர் அகலம். நடுவே தீவுகள். தீவுகளையே துணையாகக் கொண்டு, நான்கு துண்டுகளாக அணை கட்டத் திட்டமிட்டார் காட்டன். 1847-ல் வேலை தொடங்கி 1852-ல் முடிந்தது. இடையில் வெயிலும் உழைப்பும் அவர் உடலை முறித்தன. ஓய்வுக்காக ஆஸ்திரேலியா சென்று திரும்பினார். ஆயிரக்கணக்கான உள்ளூர்த் தொழிலாளர்களின் உழைப்பு இல்லாமல் அந்த அணை இல்லை. பஞ்ச பூமி, நெற்களஞ்சியமானது. விஜயவாடாவில் கிருஷ்ணா அணையும் அவர் வற்புறுத்தலால் 1855-ல் முடிந்தது.

எல்லாம் வெற்றியல்ல. துங்கபத்திரையிலும் ஒடிசாவிலும் தனியார் நிறுவனங்கள் அவர் யோசனைப்படி தொடங்கிய கால்வாய்கள் நட்டத்தில் முடிந்தன. ரயிலுக்குக் கொட்டும் பணத்தைப் பாசனத்துக்கும் நீர்வழிகளுக்கும் கொடுங்கள் என்று ஓயாமல் வாதாடியதால் அரசுக்குள்ளேயே பகை சம்பாதித்தார். 1878-ல் நாடாளுமன்றக் குழு முன் 75 வயதில் நின்று அதே வாதத்தை வைத்தார். முதுமையில் இங்கிலாந்தின் டார்க்கிங் ஊரில், நிலத்தை ஆழமாகக் கிளறிக் கோதுமை பயிரிட்டு விளைச்சலைச் சோதித்துப் பார்த்தார். அந்த ஊரிலேயே 1899 ஜூலை 24-ல் காலமானார். கோதாவரிக் கரையில் இன்றும் விவசாயிகள் அவர் சிலைக்கு மாலையிடுகிறார்கள்.

இன்றைய பாடம்

காட்டனின் அணைகள் தாழ்வானவை. வெள்ளம் அவற்றின் மேல் வழிந்து, வண்டலையும் கொண்டு கடலுக்குப் போனது. டெல்டா என்பதே ஆறு கொண்டுவரும் வண்டலால் ஆனது. பின்னாளில் மேலே எழுந்த பெரிய அணைகள் வண்டலைத் தேக்கிக்கொள்கின்றன. அலை அரிப்பதை ஆறு நிரப்பாவிட்டால் கரை பின்வாங்கும். காக்கிநாடா அருகே உப்பாடா கடற்கரையில் வீடுகளும் சாலையும் கடலுக்குப் பலியாவதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

முக்கொம்பும் நமக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. 2018 ஆகஸ்ட் 22-ல் கொள்ளிடத்தில் வெள்ளம் பாய்ந்தபோது, மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. 182 ஆண்டுகள் நின்ற கட்டுமானம் அது. அருகில் புதிய கதவணை கட்டப்பட்டுவிட்டது. ஆனால் ஒருமுறை கட்டிவிட்டால் போதும் என்று காட்டனே இருந்ததில்லை. ஆற்றின் படுகையைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். மணல் எங்கே சேர்கிறது, எங்கே அரிக்கிறது என்று ஆண்டுதோறும் பார்க்கும் அந்தப் பழக்கம்தான் கடைமடை விவசாயிக்குக் காப்பு. முக்கொம்புக்குச் சுற்றுலா போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, பூங்காவோடு ஆறு பிரியும் இடத்தையும் காட்டுங்கள். புவியியல் பாடம் அங்கே கண் முன்னே ஓடுகிறது.