இதழாசிரியர் கல்கி

காவிரி இரு கிளையாகப் பிரிந்து திருவரங்கத்தைத் தழுவிச் செல்லும் காட்சியைத் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியினின்று காணலாம். அந்நகரத்துத் தேசியக் கல்லூரியைச் சார்ந்த உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899 செப்டம்பர் 9-ஆம் நாள் பிறந்த இவரே பின்னாளில் கல்கி எனப் புகழ்பெற்றார். காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்திற்கு மாணவரையும் அழைத்தபோது, கிருஷ்ணமூர்த்தி 1921-இல் பள்ளியைத் துறந்தார். மறுவருடம் மேடைப் பேச்சின்பொருட்டு ஓராண்டு சிறைத்தண்டனை பெற்றார். ஏழைக் குடும்பத்து மைந்தர் கல்வியைக் கைவிடுவது அக்காலத்தில் எளிய செயலன்று.

விடுதலை பெற்றபின், திரு.வி.க. நடத்திய நவசக்தியில் துணையாசிரியராக அமர்ந்து உரைநடை பழகினார். அப்பால் இராஜாஜி தம் காந்தி ஆசிரமத்திற்கு அவரை அழைத்தார். ஆசிரமம் திருச்செங்கோட்டை அடுத்துள்ளது. அங்கு மதுவிலக்கை வலியுறுத்த 1929-இல் விமோசனம் என்னும் இதழ் தோன்றியது. இராஜாஜி ஆசிரியர், கிருஷ்ணமூர்த்தி துணையாசிரியர். தலைவர்க்கும் எழுத்தாளர்க்கும் இடையே அன்று ஏற்பட்ட பிணைப்பு இறுதிவரை அறவில்லை.

பின்னர் ஆனந்த விகடனின் ஆசிரியரானார். நகைச்சுவை ததும்பும் அவருடைய எழுத்தைப் படிக்கத் தமிழ்நாடெங்கும் மக்கள் காத்திருந்தனர். பொருளும் புகழும் ஒருங்கே கிடைத்த அந்நிலையில் தனிநபர் சத்தியாக்கிரகம் வந்தது. அதில் அவர் ஈடுபடுவதை இதழின் உரிமையாளர் எஸ். எஸ். வாசன் விரும்பவில்லை. கிருஷ்ணமூர்த்தி பதவியை விட்டுச் சிறை புகுந்தார். மீண்டுவந்து, 1941-இல் நண்பர் சதாசிவத்துடன் கல்கி இதழைத் தொடங்கினார். சதாசிவத்தின் துணைவியாராகிய எம். எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி திரைப்படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற ஊதியமே அதற்கு முதலாயிற்று. பள்ளி நாளில் தாம் பழகிய காவிரிக்கரையையும் உறையூரையும் பார்த்திபன் கனவு என்னும் தொடர்கதையில் அவர் அவ்விதழிலேயே தீட்டினார்.

பெருஞ்சோதனை 1942-இல் வந்தது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை இராஜாஜி ஏற்கவில்லை, காங்கிரசினின்றும் விலகினார். நேற்றுவரை போற்றியோர் அவரைத் தூற்றினர். இதழ் நடத்துவோர் காற்றடிக்கும் திசையில் சாய்வது உலக வழக்கு. புதிய இதழுக்கோ வாசகரின் சினம் பேரிடராகும். கல்கி சாயவில்லை. இராஜாஜியின் நிலையைத் தம் பெயராலேயே எடுத்து விளக்கினார். அவர் இராஜாஜியின் முரசாகிவிட்டார் என்று பலர் குறைகூறினர். அக்குறையை முற்றும் பொய் என்று தள்ளுதற்கில்லை. ஒரு தலைவரை நெருங்கி நிற்கும் கண்ணுக்கு அவர்தம் பிழை எளிதில் புலப்படாது. எனினும், தம் சார்பைக் கல்கி மறைத்ததில்லை. நடுவர் வேடம் பூண்டு ஒருதலையாக எழுதியதும் இல்லை. படிப்போர் அவர் நிற்குமிடம் அறிந்தே படித்தனர். பலர் மாறுபட்டுக்கொண்டே படித்தனர்.

அவருடைய முயற்சியால் எட்டயபுரத்தில் எழுந்த பாரதி மணிமண்டபத்தை 1947 அக்டோபரில் திறந்துவைத்தவரும் இராஜாஜியே. 1954 ஏப்ரலில் இராஜாஜி முதலமைச்சர் பதவியினின்றும் விலகினார். அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் அகவையில், கல்கி சென்னையில் காலமானார்.