காலம் தவறாத வண்டிகள்

காலை வேளையில் தாம்பரம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் மாணவர், சாலையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். குறித்த நேரத்தில் வண்டி வந்தாக வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. சற்றுத் தாமதமானாலும் முகம் வாடிவிடும். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இத்தகைய எதிர்பார்ப்பே மக்களிடம் இல்லை. பயணம் என்றால் மாட்டுவண்டி. புறப்படும் நேரம் வண்டிக்காரரின் விருப்பம். அந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார்.

இவர் 1877 மார்ச் 22 அன்று திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தார். டி.வி.எஸ். என நாம் வழங்கும் மூன்றெழுத்துகளுள் முதலெழுத்து அவ்வூரின் பெயரையே குறிக்கிறது. தந்தையின் விருப்பப்படி வழக்கறிஞரானார். பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். மாத ஊதியம் தரும் பாதுகாப்பான வாழ்க்கை அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1911-இல் மதுரையில் சொந்தத் தொழிலில் இறங்கினார். அடுத்த ஆண்டில் பேருந்துச் சேவையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. மோட்டார் வண்டியையே வியப்புடன் பார்த்த காலம் அது.

பேருந்து ஓட்டுவது எளிய தொழிலன்று. இருக்கைகள் நிறையும்வரை காத்திருந்தால் வருவாய் கூடும். ஆனால் வழியில் காத்திருப்போர் ஏமாறுவர். காலியிருக்கைகளுடன் புறப்பட்டால் அன்றைய இழப்பு உரிமையாளருக்கு. சுந்தரம் ஐயங்கார் இழப்பை ஏற்றார், நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய பேருந்து கடந்து செல்வதைக் கண்டு மக்கள் கடிகாரத்தைச் சரிசெய்தனர் என்று மதுரைப் பக்கத்து முதியோர் கூறுவதுண்டு. மாடுகளின் இலாட ஆணிகள் சாலையில் உதிர்ந்து டயர்களைக் குத்தின. அவற்றைப் பொறுக்கக் காந்தம் பொருத்திய வண்டியை அவர் முன்னே அனுப்பினார் என்ற செய்தியும் அங்கு வழங்குகிறது. கேட்கச் சிறிய செய்திதான். ஆயினும் டயர் பழுதானால் நேரமும் பழுதாகும் என்பதை உணர்ந்தவருக்கே அது தோன்றும்.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. வண்டிகளை நிறுத்திவிடுவதே பலருக்குத் தெரிந்த வழி. அவருடைய நிறுவனமோ கரிவாயுக் கலன்களைத் தயாரித்தது. அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் எரியும் தன்மையுள்ள வாயு உண்டாகும். அதைக் குளிர்வித்து, வடிகட்டி இயந்திரத்திற்குள் செலுத்துவர். பெட்ரோல் தரும் வலிமையை அது தராது. மேட்டில் வண்டி திணறும். எனினும் ஊர்களுக்கிடையே போக்குவரத்து அறுந்துபோகாமல் காத்தவை அந்தக் கரி பஸ்களே.

காலத்தோடு ஒத்துச் செல்வது தொழிலைக் காட்டிலும் இல்லத்தில் கடினமாயிற்று. மகள் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்ணை மூலையில் அமர்த்திய காலத்தில், பெற்றோர் அவரைத் தில்லிக்கு அனுப்பி மருத்துவம் பயிலச் செய்தனர். அங்கு அவர் காந்தியவாதியான ஜி. இராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது, சாதி கடந்த அந்த மறுமணத்தைப் பெற்றோரால் உடனே ஏற்க இயலவில்லை. 1940-இல் காந்தியடிகளின் ஆசியுடன் திருமணம் நடந்தது. பின்னர் அவ்விருவரும் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை உருவாக்கினர். துணிந்து தொழில் செய்தவரும் இவ்விடத்தில் தயங்கினார் என்பதை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

தொழிற்பொறுப்பைப் புதல்வர்களிடம் ஒப்படைத்த சுந்தரம் ஐயங்கார் 1955 ஏப்ரல் 28 அன்று மறைந்தார். அதற்குள் சென்னை நகரில் காட்சி மாறியிருந்தது. 1947-இல் அங்குப் பேருந்துகளை அரசே இயக்கத் தொடங்கியிருந்தது. தென்மாவட்டங்களில் அவருடைய சதர்ன் ரோடுவேஸ் பேருந்துகள் மேலும் பல ஆண்டுகள் ஓடின. 1972-இல் அவையும் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தன. அதே ஆண்டில்தான் சென்னையின் நகரப் பேருந்துகள் பல்லவன் என்னும் பெயரைப் பெற்றன.