ஆர்தர் மன்னனும் கோப்பி மலையும்

அப்புத்தளை முகட்டில் நின்று மேற்கே நோக்கினால், ஓட்டன் சமவெளிக்கும் அப்பால், கண்ணுக்கு எட்டாத தொலைவில் பொகவந்தலாவை இருக்கின்றது. அங்குள்ள தூய மரியாள் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றார் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார். ஒளிப்படத்தைக் கலையாக உயர்த்தியவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அவர்.

1815இல் கல்கத்தாவிற் பிறந்த அம்மையார், 1838இல் சட்ட அறிஞர் சார்ல்ஸ் ஹே கமரனை மணந்தார். கோல்புறூக்குடன் இணைந்து இலங்கையின் நீதிமுறையை ஆராய்ந்த அதே கமரன்தான். பின்னாளில் வைட் தீவில் குடியேறிய இவர்கள், தம் இலங்கைக் கோப்பி நிலங்களின் நினைவாக இல்லத்துக்கு டிம்புலாவின் பெயரை இட்டனர். அயலில் வாழ்ந்தவர் கவிஞர் தெனிசன்.

மகளின் பரிசாக ஒளிப்படக் கருவி கைக்கு வந்தபோது அம்மையாருக்கு வயது 48. கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. மருந்து பூசிய கண்ணாடித் தகடு உலருமுன் படம் பதிய வேண்டும். அதுவரை அமர்ந்திருப்பவர் அசைதலாகாது.

1874இல் தெனிசன் தம் ஆர்தர் மன்னன் காவியத்துக்குப் படங்கள் வேண்டினார். கணவர் மந்திரவாதி மெர்லின் ஆனார். படகுத்துறைச் சுமைதூக்கி வில்லியம் வார்டர் மன்னர் ஆர்தர் ஆனார்! ஏரிநீருக்கு மஸ்லின் துணியே போதுமானதாயிற்று. ஆனால் அச்சான நூலிலோ அப்படங்கள் சிறு மரச்செதுக்குகளாகச் சுருங்கின. மனம் பொறாத அம்மையார், தம் பொருட்செலவிலே இரு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். படங்களோடு காவிய அடிகளைத் தம் கையாலேயே எழுதிக் கல்லச்சில் பதிப்பித்தார். இடைக்காலத் துறவியர் பொன்னும் வண்ணமும் தீட்டிய ஏடுகளை விக்டோரியா காலத்தார் பெரிதும் போற்றினர். அம்மையாரின் ஏட்டிலே பொன் இல்லை. ஒளியும் நிழலும் அப்பணியைச் செய்தன.

1875இல் தம்பதியர் இலங்கைக்குப் பெயர்ந்தனர். இங்கும் அவர் கருவியைக் கைவிட்டாரல்லர். எனினும் எஞ்சிய இலங்கைப் படங்கள் 30க்கும் குறைவு. அவற்றுள் தோட்டத் தொழிலாளரான நம்மவரும் உளர். சுமைதூக்கி ஒருவருக்கு முடிசூட்டி, அவர் பெயரும் நிலைபெறச் செய்த அக்கலையிலே, நம் மக்களின் முகங்கள் மட்டுமே பதிந்தன. பெயர்களை எழுதி வைப்பாரில்லை. அப்பெண்களின் கண்களை நோக்குந்தோறும் இக்குறை என் நெஞ்சை உறுத்துகின்றது. மன்னர் வேடம் புனையாமலே அரசியின் பெருமிதம் அக்கண்களில் உண்டு.

1879 ஜனவரி 26இல் டிக்கோயாவிலே அம்மையார் காலமானார். மறு ஆண்டு கணவரும் மறைந்து, அவரருகே அடக்கஞ் செய்யப்பெற்றார்.