அம்மம்மாவின் குளிசையும் அழிக்கப்பட்ட ஒரு பெயரும்

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஓர் இரவு நெஞ்சு நோகுது என்று சொன்ன அம்மம்மாவை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாரடைப்பு என்று தெரிந்ததும் சில குளிசைகளைச் சப்பி விழுங்கச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று அஸ்பிரின். இன்றும் அவரது கிளினிக் கொப்பியில் முதல் வரியில் இருப்பது அதுதான். 81 வயதில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சின்னக் குளிசையைப் போடாமல் அவர் படுப்பதில்லை.

இதை யார் கண்டுபிடித்தார் என்று தேடியபோது, பெரும்பாலான இடங்களில் ஃபெலிக்ஸ் ஹொஃப்மன் என்ற ஒரு பெயரே கிடைத்தது. வாதநோயால் அவதிப்பட்ட தகப்பனுக்காக மகன் மருந்து செய்தான் என்ற அழகான கதையும் கூடவே வந்தது. இன்னும் தேடியபோதுதான் ஆர்தர் ஐஷன்குரூனைச் சந்தித்தேன்.

ஐஷன்குரூன் 1867 ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஆஹன் நகரில், யூதத் துணி வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1896 இல் எல்பர்ஃபெல்ட் நகரிலிருந்த பேயர் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அடுத்த வருடம் ஓகஸ்ட் மாதம், அதே நிறுவனத்தில் வேலைசெய்த இளைஞரான ஹொஃப்மன், சலிசிலிக் அமிலத்துடன் அசெற்றைல் கூறு ஒன்றைச் சேர்த்துத் தூய்மையான அஸ்பிரினைத் தயாரித்தார். தான் சொல்லித்தான் ஹொஃப்மன் அதைச் செய்தார், எதற்காக என்பதுகூட அவருக்குத் தெரியாது என்று பின்னாளில் ஐஷன்குரூன் எழுதினார்.

அந்த மருந்து உடனே வெளியே வரவில்லை. மருந்துகளைச் சோதிக்கும் பிரிவின் தலைவரான ஹைன்ரிஹ் டிரேசர், இந்த வகை மருந்து இதயத்தைப் பலவீனப்படுத்தும் என்று கருதி அதை ஒதுக்கிவைத்தார். ஐஷன்குரூனின் கூற்றுப்படி, அவர் அதை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு பெர்லினிலிருந்த சில வைத்தியர்களுக்கு இரகசியமாகக் கொடுத்துச் சோதித்தார். 1899 இல் அஸ்பிரின் சந்தைக்கு வந்தது. இதயத்துக்கு ஆகாது என்று தள்ளிவைக்கப்பட்ட மருந்துதான் இன்று மாரடைப்பு வந்தவருக்கு முதலில் கொடுக்கப்படுகிறது.

1908 இல் ஐஷன்குரூன் பேயரை விட்டு விலகி, பெர்லினில் சொந்தத் தொழிற்சாலையைத் தொடங்கினார். எளிதில் தீப்பற்றாத பிளாஸ்டிக் வகைகளைச் செய்து பெயரும் பணமும் சம்பாதித்தார். 1933 இல் நாஸிகள் ஆட்சிக்கு வந்தார்கள். முதலில், யூதர் அல்லாத ஒருவரைப் பங்காளியாகச் சேர்க்கவேண்டியிருந்தது. 1938 இல் தொழிற்சாலையே கையைவிட்டுப் போனது. மனைவி யூதர் அல்லாதவர் என்பதால் சில காலம் தப்பியிருந்தார். அப்போது யூத ஆண்கள் அனைவரும் தம் பெயரோடு இஸ்ரேல் என்ற பெயரையும் சேர்த்து எழுதவேண்டும் என்பது சட்டம். ஒரு கடிதத்தில் அதை எழுதாமல் விட்டதற்காக 1943 இல் நான்கு மாதம் சிறையில் இருந்தார். 1944 இல், 76 வயதில், மறுபடியும் கைதாகி தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். போர் முடியும்வரை அங்கேதான் இருந்தார்.

ஹொஃப்மன்தான் கண்டுபிடித்தார் என்று 1934 இலேயே இரசாயனத் தொழில் வரலாற்று நூல் ஒன்றில் அச்சாகியிருந்தது. 1941 இல் மியூனிக் அருங்காட்சியகத்தில் அஸ்பிரின் வைக்கப்பட்டிருந்த பெட்டியில் டிரேசர், ஹொஃப்மன் ஆகியோரின் பெயர்களே இருந்தன என்றும், வாசலில் யூதர்கள் உள்ளே வரக்கூடாது என்ற அறிவித்தல் இருந்தது என்றும் ஐஷன்குரூன் எழுதியிருக்கிறார். அவர் தன் தரப்பை விரிவாக அச்சில் சொன்னது 1949 இல். அந்த டிசெம்பரிலேயே, 82 வயதில், இறந்துபோனார்.

அதன்பின் ஐம்பது வருடம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2000 ஆம் ஆண்டு, ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்டர் ஸ்னீடர் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, ஐஷன்குரூன் சொன்னது நம்பத்தக்கது என்று பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். பேயர் நிறுவனம் இதை ஏற்கவில்லை.

அந்தக் குளிசை இதயத்தில் என்ன செய்கிறது என்பது ஐஷன்குரூனுக்கே தெரிந்திருக்க வழியில்லை. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் உள்ள கொழுப்புப் படிவு வெடிக்கும்போது, குருதிச் சிறுதட்டுக்கள் அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி வழியை அடைக்கின்றன. அன்று ஆய்வுகூடத்தில் சேர்த்த அதே அசெற்றைல் கூறுதான் சிறுதட்டிலுள்ள ஒரு நொதியத்தில் போய் ஒட்டி, அதை நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறது. அந்தச் சிறுதட்டு சாகும்வரை, ஏறக்குறைய பத்து நாட்களுக்கு, பூட்டுத் திறக்காது. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1988 இல் வந்தது. ஒரு மாதம் அஸ்பிரின் எடுத்தவர்களிடையே, ஐந்து வாரத்துக்குள் இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேரும் மரணம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. 70 வயதைத் தாண்டியவர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள்.

வயதானவர்களுக்கு இது இரண்டு பக்கமும் கூரான கத்தி. உறைதலைத் தடுக்கும் மருந்து, வயிற்றிலோ மூளையிலோ இரத்தக்கசிவையும் உண்டாக்கலாம். இதயநோய் இல்லாத, பெரும்பாலும் 70 வயதுக்கு மேற்பட்ட 19,114 பேரிடம் நடந்த ஆய்வு 2018 இல் வெளியானது. முன்னெச்சரிக்கையாக அஸ்பிரின் போட்டதால் அவர்களுக்கு நன்மை இல்லை, இரத்தக்கசிவுதான் கூடியது. ஆகவே பக்கத்து வீட்டு ஆச்சி போடுகிறார் என்று நாமும் போடக்கூடாது. மாரடைப்பு வந்தவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது. வயிறு எரியுது என்று அம்மம்மா ஒருமுறை இரண்டு நாள் நிறுத்திவிட்டார். கிளினிக்கில் வைத்தியர் அதட்டாமல், வயிற்றைப் பாதுகாக்க இன்னொரு குளிசை எழுதி இதைத் தொடரச் சொன்னார். மலம் கறுப்பாகப் போனால் உடனே வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அண்மையில் ஒரு மாலை இந்தக் கதையை அம்மம்மாவுக்குச் சொன்னேன். தொழிற்சாலை பறிபோனதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. அந்த மனிதர் தன் கதையை எழுதியது எத்தனை வயதில் என்றுதான் கேட்டார். எண்பதைத் தாண்டிய பிறகு என்றேன். தனக்கும் அந்த வயதுதானே என்றார். அடுத்த நாள் காலை, ஒரு கொப்பி வாங்கி வரச் சொன்னார். இடம்பெயர முன்னர் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினொரு வீடு முடிந்திருக்கிறது.