டோனாவூர் அம்மை: பிள்ளைகளுக்கு இல்லமல்ல, வீடு

நெல்லியடியில் இருந்துகொண்டு தமிழ்நாட்டின் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றைப் பற்றி ஏன் எழுதவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. 1987 வடமராட்சிப் படைநடவடிக்கை, 1995 இடப்பெயர்வு, 2004 ஆழிப்பேரலை, பிறகு 2009. ஒவ்வொன்றும் தாயையோ தகப்பனையோ இருவரையுமோ இழந்த பிள்ளைகளை எங்களிடம் விட்டுச் சென்றது. பலரை அம்மம்மாமாரும் சித்திமாரும் வளர்த்தெடுத்தார்கள். சிலர் இல்லங்களுக்குப் போனார்கள். இந்தப் பிள்ளைகளுக்குத் திருச்சபைகள் என்ன செய்யலாம் என்று பேச்சு எழும்போதெல்லாம், ஒரு கட்டடம் கட்டுவோம், கட்டில் போடுவோம், வெளிநாட்டில் இருப்பவர்களிடம் உதவி கேட்போம் என்றே அது முடிவதை நான் கண்டிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் எமி கார்மைக்கேல்.

1867 டிசம்பர் 16ஆம் திகதி வட அயர்லாந்தின் மில்ஐல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தவர் அவர். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். தகப்பனாருக்கு மாவு ஆலை இருந்தது. வியாபாரம் நொடித்து, 1885இல் தகப்பனாரும் இறந்துபோனார். வசதியான வீட்டுப் பிள்ளை பதினேழு வயதில் தகப்பனில்லாப் பிள்ளையானார். பெல்பாஸ்ட் நகரின் ஆலைகளில் வேலைசெய்த ஏழைப் பெண்களைக் கூட்டி ஞாயிறு வகுப்பு நடத்தினார். தொப்பி வாங்க வசதியில்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொண்டு வந்த அந்தப் பெண்களைத் தேவாலயத்துக்குள் கண்டு முகஞ்சுளித்த கனவான்கள் அன்றும் இருந்தார்கள். எமி அவர்களுக்கென்று தகரத்தாலான மண்டபம் ஒன்றையே எழுப்பினார்.

1893இல் ஜப்பானுக்கு மிஷனரியாகப் போனார். உடல்நிலை ஒத்துவரவில்லை. 1894இல் சில மாதங்கள் இலங்கையிலும் இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. பிறகு ஊர் திரும்பி, 1895 இறுதியில் பெங்களூர் வந்துசேர்ந்தார். அதற்குப் பின் 55 ஆண்டுகள். ஒருமுறைகூட விடுமுறைக்கென்று அயர்லாந்து போகவில்லை.

தமிழைத் திருநெல்வேலிச் சீமையில், வாக்கர் என்ற மிஷனரியின் துணையோடு கற்றார். சேலை உடுத்தார். பொன்னம்மாள் என்ற இளம் விதவையும் வேறு சில பெண்களும் அவரோடு சேர்ந்து மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் போதித்தார்கள். பிள்ளைகளை வளர்க்கும் எண்ணம் அப்போது அவரிடம் இல்லை. அந்த வேலை அவரைத் தேடி வந்தது.

1901 மார்ச் மாதம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கோவில் வீட்டிலிருந்து தப்பி அவரிடம் வந்தாள். பிரீனா என்பது பெயர். முன்பும் ஒருமுறை தப்பித் தாயிடம் ஓடியிருக்கிறாள். தாய் திருப்பி ஒப்படைத்துவிட, கைகளில் சூடு வைத்திருந்தார்கள். பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குள் சிறுமிகள் எப்படிக் கொண்டுவரப்படுகிறார்கள் என்பதை எமி அறிந்துகொண்டது அவள் வாயிலிருந்துதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். தேவதாசி மரபு இசையையும் ஆடலையும் தலைமுறைகளாகக் காத்த மரபும்கூட. எமியின் எழுத்துகளில் அந்தப் பக்கத்துக்கு இடமே இல்லை. ஒரு மிஷனரியின் கண்ணால்தான் அவர் பார்த்தார். ஆனால் குழந்தைகள் விலைக்கு வாங்கப்பட்டதும் தத்து என்ற பெயரில் கைமாறியதும் கற்பனையல்ல. அந்தச் சமூகத்துத் தாய்க்குப் பிறந்த டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் இதற்கெதிராகப் போராடினார். ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு ஔவை இல்லத்தையும் அமைத்தார். பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் வந்தது. அதுவரை எமிக்குச் சட்டத்தின் துணை பெரிதாக இல்லை.

டோனாவூர் என்ற பெயரே ஒரு நன்கொடையாளருடையது. ஜெர்மனியின் டோனா பிரபு கொடுத்த பணத்தில் ரேனியஸ் ஐயர் அமைத்த கிறிஸ்தவக் கிராமம் அது. மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரம். அங்கே 1904 முதல் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கினார்கள். தாய்ப்பால் இல்லாத சிசுக்களைக் காப்பாற்றுவது அந்தக் காலத்தில் லேசான காரியமல்ல. வைத்தியசாலை அருகில் இருக்கவேண்டும் என்பதற்காக நெய்யூரில் ஒரு குழந்தைப் பராமரிப்பகம் வைத்தார்கள். பொன்னம்மாள்தான் அதைப் பார்த்துக்கொண்டார். வயிற்றோட்டம் பரவிப் பல குழந்தைகள் அங்கே இறந்தன. எமியின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் பொன்னம்மாளை இரண்டு வரியில் கடந்துபோவது எனக்கு எப்போதும் உறுத்தும். இரவில் விழித்திருந்து பால் புகட்டிய கைகள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களுடையவை. பொன்னம்மாள் 1915இல் புற்றுநோயால் காலமானார்.

டோனாவூரில் நான் முக்கியமாகக் கருதுவது அங்கே பிள்ளைகள் வைக்கப்பட்ட முறை. நீண்ட மண்டபமும் வரிசைக் கட்டில்களும் அல்ல, சிறுசிறு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் பொறுப்பாக ஓர் அக்கா. வேலை செய்த பெண்கள் எல்லோரும் அக்காமார், வெளிநாட்டுப் பெண்கள் சித்திமார், ஆண்கள் அண்ணாச்சிமார். மேட்ரன் என்றோ வார்டன் என்றோ யாரும் இல்லை. எமி எல்லோருக்கும் அம்மை. முறைசொல்லிக் கூப்பிட ஆளிருந்தால் மட்டும் உறவு வந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் அந்த அக்கா மூன்று மாதத்தில் மாறிப்போகவில்லை. சம்பளத்துக்கு வந்து போகும் வேலையாக இது இருக்கக்கூடாது என்பதில் எமி பிடிவாதமாக இருந்தார். பதினெட்டு வயது வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறு என்ற கணக்கும் கிடையாது.

பிறந்த திகதி தெரியாத பிள்ளைகளே அதிகம். அதனால் வந்த நாளைக் கொண்டாடினார்கள். எங்கிருந்தோ கொண்டுவந்து விடப்பட்ட ஒரு பிள்ளைக்கு, நீ வந்தது எங்களுக்கு ஒரு விசேஷம் என்று ஆண்டுதோறும் காட்டுவது சின்ன விஷயம்தான். பிறப்புச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு முகாம் முகாமாக அலைந்த பிள்ளைகளை அறிந்த எங்களுக்கு அதன் பெறுமதி விளங்கும்.

சாதி பார்த்துப் பந்தி பிரிப்பதற்கும் அங்கே இடமில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே சமையலைத்தான் உண்டார்கள். தேவாலயத்துக்குள்ளேயே சாதியைக் கொண்டுபோய் வைத்திருந்த ஒரு சமூகத்தில் இது சுலபமாக நடந்திருக்காது. நம்முடைய சபைகளுக்கும் இதில் கேட்டுக்கொள்ளக் கேள்விகள் உண்டு.

பணவிடயத்தில் எமியின் வழி தனி. யாரிடமும் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, ஜெபித்துவிட்டுக் காத்திருப்பார். ஆனால் இதை நான் முழுதாக ஏற்பதில்லை. 1909இல் அவர் வெளியிட்ட நூலில் டோனாவூர்க் குழந்தைகளின் அழகான புகைப்படங்கள் நிறைய இருந்தன. வாய்திறந்து கேட்காவிட்டாலும் அந்த முகங்கள் இங்கிலாந்தின் வீடுகளில் கேட்டிருக்கும். இன்று பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கோப்பையோடு வரிசையில் நிறுத்திப் படமெடுத்து முகநூலில் போடுகிறோமே, அதன் தொடக்கம் எங்கேயோ அங்கும் இருக்கிறது. அதேவேளை, 1903இல் வந்த அவரது நூலை, சோர்வூட்டுகிறது, நல்ல செய்தியாக எழுதுங்கள் என்று முதலில் திருப்பியனுப்பியிருந்தார்கள். அவர் மாற்றி எழுதவில்லை. கொடுப்பவர் மனம் குளிரும்படி கதையைத் திருத்த மறுத்த அந்தத் துணிவை மதிக்கிறேன்.

உறவினர்களோடு அவர் நடந்துகொண்ட விதம் சிக்கலானது. ஒரு சிறுமியை உறவினர் திருப்பிக் கேட்க, ஆபத்து என்று கருதி அவளை அனுப்ப மறுத்தார். பிள்ளை கடத்திய குற்றச்சாட்டு அவர்மேல் வந்தது, 1914இல் தள்ளுபடியானது. அவர் பார்வையில் உறவினர் என்றால் பிள்ளையை விற்கக்கூடியவர். பல இடங்களில் அது சரியாகவும் இருந்தது. ஆனால் அந்தப் பார்வையை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது. இலங்கையின் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது உயிரோடு இருக்கிறார். அவர்களை இல்லத்துக்கு அனுப்பியது அநேகமாக வறுமை, அல்லது தாயின் வெளிநாட்டு வேலை, அல்லது பாடசாலைக்கு அனுப்ப வழியில்லாமை. கரவெட்டியிலோ வடமராட்சி கிழக்கிலோ பேரப்பிள்ளையை வைத்திருக்கும் ஓர் அம்மம்மாவுக்கு மாதாமாதம் அரிசியும் கொப்பியும் பஸ் காசும் கிடைத்தால் அந்தப் பிள்ளை எங்கும் போகத் தேவையில்லை. அந்த வீட்டுக்கு வாரத்தில் ஒருநாள் போய்வர, பிள்ளையின் பாடத்தைப் பார்க்க, அம்மம்மாவை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக ஓர் அக்காவையோ அண்ணாவையோ ஒரு சபையால் நிச்சயம் தரமுடியும். திறப்பு விழாவும் கல்வெட்டும் இல்லாத வேலை என்பதால்தான் அது பிந்திப்போகிறது. உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைக்கும், வீட்டுக்குள்ளேயே ஆபத்துள்ள பிள்ளைக்கும்தான் டோனாவூர் போன்ற வீடு வேண்டும்.

1918இல் ஆண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். 1927இல் டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவானது. 1931 ஒக்டோபரில் களக்காட்டில், பணிக்கென்று ஆயத்தமாகிக்கொண்டிருந்த வீடொன்றைப் பார்க்கப் போனபோது எமி குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தன. அங்கிருந்தபடி புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகளுக்குக் குறிப்புகள் எழுதி அனுப்பினார். அவர்கள் அறைக்கு வந்துபோனார்கள். கண்டிப்பானவர், சொன்னதைச் செய்யவேண்டும் என்பவர், உடன் வேலை செய்தவர்களுக்குச் சில வேளைகளில் தாங்கமுடியாதவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1951 ஜனவரி 18ஆம் திகதி காலமானார். கல்லறைக்குக் கல் வைக்கவேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பறவைகள் தண்ணீர் குடிக்கும் கற்தொட்டி ஒன்றை வைத்து அதில் அம்மை என்று மட்டும் பொறித்தார்கள். அப்போது டோனாவூர் வீடுகளில் குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த அக்காமாரில் பலர், முன்பு அங்கேயே குழந்தைகளாக வந்து சேர்ந்தவர்கள்.