கொல்லர் மகன் சோய்ச்சிரோ ஹோண்டா



ஹோண்டான்னு சொன்னா நம்ம எல்லாருக்கும் வண்டிதான் ஞாபகம் வரும். அது ஒரு மனிதருடைய பெயர் என்று பலருக்குத் தெரியாது. ஜப்பானில் ஒரு கிராமத்துக் கொல்லருக்குப் பிறந்து, உலகம் முழுக்க ஓடும் வண்டிகளுக்குத் தன் பெயரைக் கொடுத்த சோய்ச்சிரோ ஹோண்டாவின் கதை இது.

பிறப்பும் சிறுவயதும்

ஹோண்டா 1906-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி கோம்யோ என்ற கிராமத்தில் பிறந்தார். இப்போது அது ஹமமாட்சு நகரத்தோடு சேர்ந்துவிட்டது. அப்பா கிஹெய் இரும்பு அடிக்கும் கொல்லர். பழைய சைக்கிள்களையும் ரிப்பேர் செய்து விற்பார். அம்மா மிகா தறி நெய்வார். வீட்டில் பெரிய வசதி கிடையாது.

சின்னப் பையனாக இருந்தபோது அவர் ஊருக்கு முதல் தடவையாக ஒரு மோட்டார் கார் வந்தது. அதன் பின்னாலேயே ஓடினார். கார் நின்ற இடத்தில் தரையில் சொட்டியிருந்த எண்ணெயைக் கையில் தொட்டு மோந்து பார்த்தாராம். அந்த வாசனையைக் கடைசி வரை மறக்கவில்லை.

பத்து வயதில் இன்னொரு ஆசை வந்தது. ஹமமாட்சுவில் ஆர்ட் ஸ்மித் என்ற அமெரிக்கர் விமானம் ஓட்டிக் காட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டார். வீட்டில் சொன்னால் விடமாட்டார்கள். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. நம்ம ஊர்ப் பையன்கள் ஓட்டுவார்களே குரங்குப் பெடல், அதே மாதிரி கம்பிக்கு நடுவில் காலை விட்டு சுமார் 20 கிலோமீட்டர் மிதித்துப் போனார். அங்கே போனால் டிக்கெட்டுக்குக் காசு பத்தவில்லை. பக்கத்தில் இருந்த மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

முத்திரை செய்த கதை

பள்ளியில் ஹோண்டா நல்ல மார்க் வாங்குகிற மாணவர் இல்லை. ஜப்பானில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் செதுக்கிய முத்திரையைக் குத்துவார்கள். நம்ம ராங்க் கார்டில் அப்பா கையெழுத்து வாங்குவது போல, அங்கே பெற்றோரின் முத்திரையை வாங்கிப் போக வேண்டும். மார்க்கைக் காட்டப் பயந்த ஹோண்டா சைக்கிள் பெடல் ரப்பரை வெட்டி, அப்பாவின் முத்திரையைத் தானே செய்து குத்திவிட்டார். மற்ற பையன்களும் எனக்குச் செய்து கொடு என்று வர, அவர்களுக்கும் செய்து கொடுத்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

காரணம் என்ன தெரியுமா? முத்திரையில் எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும். ஹோண்டா என்ற பெயரை ஜப்பானிய எழுத்தில் மேலிருந்து கீழாக எழுதினால் இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும். நம்ம 'ப' எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தாலும் 'ப' தான். ஆனால் 'க' அப்படி இல்லை. அதனால் அவருடைய முத்திரை சரியாக விழுந்தது. மற்றவர்களுடையது தலைகீழ்ப் பாடமாக விழுந்து குட்டு வெளிப்பட்டது. இது தப்புக் காரியம்தான், யாரும் பின்பற்ற வேண்டாம். இந்த முத்திரை பின்னால் இன்னொரு தடவை வரும், அதற்காகத்தான் எழுதினேன்.

டோக்கியோ பட்டறையில்

1922-ல் பள்ளிப் படிப்பு முடிந்ததும், 15 வயதில் டோக்கியோவில் ஆர்ட் ஷோகாய் என்ற கார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். வண்டியைத் தொடலாம் என்று போனவருக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? முதலாளியின் குழந்தையை முதுகில் கட்டிச் சுமக்கிற வேலையும் பட்டறையைக் கூட்டுகிற வேலையும்தான். ஊருக்கே ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் போகவில்லை. சில மாதம் கழித்து ஒரு பனி நாளில் ஆள் பற்றாமல் அவரையும் கூப்பிட்டார்கள். அன்றுதான் முதல்முறையாகக் காருக்கு அடியில் படுத்து வேலை பார்த்தார்.

1923 செப்டம்பர் 1-ஆம் தேதி டோக்கியோவைப் பெரிய பூகம்பம் உலுக்கியது. தீ பரவியபோது வாடிக்கையாளர் கார்களைக் காப்பாற்ற ஹோண்டாவும் ஒரு காரை ஓட்டிக்கொண்டு வெளியே போனார். பிறகு பட்டறையில் இருந்த பலர் ஊருக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய சிலரில் இவரும் ஒருவர். எரிந்துபோன கார்களைச் சரிசெய்து சரிசெய்தே தொழிலை முழுசாகக் கற்றுக்கொண்டார். 1928-ல் 21 வயதில் ஹமமாட்சுவில் அதே பெயரில் கிளைப் பட்டறை தொடங்கும் அளவுக்கு முதலாளி அவரை நம்பினார்.

ஹோண்டாவுக்குப் பந்தயப் பைத்தியம் உண்டு. 1936-ல் ஒரு பந்தயத்தில் அவரும் தம்பியும் போன கார் விபத்தில் தூக்கி எறியப்பட்டது. இருவருக்கும் பலத்த காயம்.

வளையம் கற்றுத் தந்த பாடம்

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். ஏன்னா நிறைய பேர் ஹோண்டாவைச் சொல்லி, படிக்காமலே பெரிய ஆளாகலாம் என்று பேசுவார்கள். அது பாதிதான் உண்மை.

ரிப்பேர் வேலை போதும், இனி ஏதாவது உற்பத்தி செய்யணும் என்று பிஸ்டன் ரிங் செய்ய ஆரம்பித்தார். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகும். அதைச் சுற்றி இருக்கிற இரும்பு வளையம்தான் பிஸ்டன் ரிங். அது சரியில்லாவிட்டால் வாயு கசியும், எண்ணெய் உள்ளே போய்ப் புகையும். பார்க்கச் சின்ன வளையம். ஆனால் இரவு பகல் உழைத்தும் சரியாக வரவில்லை. கையில் இருந்த பணம் கரைந்தது. மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின.

கடைசியில் ஹமமாட்சுவில் இருந்த தொழிற்கல்லூரி ஆசிரியரிடம் வளையத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். அவர் சோதித்துப் பார்த்து, இதில் சிலிக்கான் போதவில்லை என்றார். உலோகத்தில் சிலிக்கான் வேண்டும் என்பதே ஹோண்டாவுக்கு அன்றுதான் தெரியும்! கை வேலையில் கெட்டிக்காரர், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற அறிவியல் தெரியவில்லை. வெட்கப்படாமல் சுமார் 30 வயதில், தன்னைவிடச் சின்னப் பையன்களோடு வகுப்பில் போய் உட்கார்ந்தார். தனக்கு வேண்டிய பாடத்தை மட்டும் கேட்டார். தேர்வு எழுதவில்லை. அதனால் பட்டம் இல்லாமலே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பட்டம் வாங்காதது உண்மை. ஆனால் படிக்காதவர் இல்லை. தனக்கு எது தெரியாது என்று தெரிந்ததும் பள்ளிக்குத் திரும்பிப் போனவர். பிறகும் ஒரே நாளில் வெற்றி வரவில்லை. டொயோட்டா கம்பெனி சோதித்த 50 வளையங்களில் 3 மட்டுமே தேறின. மறுபடி தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்க் கற்றுக்கொண்ட பிறகுதான் டொயோட்டாவுக்கு ஒழுங்காகச் செய்து கொடுக்க முடிந்தது.

அப்புறம் உலகப் போர். ஒரு தொழிற்சாலை குண்டு வீச்சில் அழிந்தது. இன்னொன்று 1945 ஜனவரியில் வந்த பூகம்பத்தில் விழுந்தது. மிச்சத்தை டொயோட்டா குழுமத்துக்கே விற்றுவிட்டு ஒரு வருடம் சும்மா இருந்தார்.

சைக்கிளில் ஒரு எஞ்சின்

போர் முடிந்த ஜப்பானில் சாப்பாட்டுக்கே பஞ்சம். ரயிலில் கால் வைக்க இடமில்லை. அரிசியும் காய்கறியும் வாங்க மனைவி சாச்சி நெடுந்தூரம் சைக்கிள் மிதித்துப் போவார். அப்போது ராணுவ வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் எடுக்கப் பயன்பட்ட சின்ன எஞ்சின் ஒன்று ஹோண்டாவின் கண்ணில் பட்டது. அதைச் சைக்கிளில் மாட்டினார். பெட்ரோல் டாங்க்? ஜப்பானியர்கள் குளிர்காலத்தில் வெந்நீர் ஊற்றிப் படுக்கையில் வைத்துக்கொள்ளும் தகரக் குடுவைதான் டாங்க். பெட்ரோல் கிடைக்காததால் பைன் மரத்து எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள்.

பெண்களாலும் ஓட்ட முடியுமா என்று பார்க்கச் சாச்சியைத்தான் முதலில் ஓட்டச் சொன்னார். கூட்டமான தெருவில் ஓட்டிவிட்டு வந்தவர், எண்ணெய் தெறித்து உடுப்பெல்லாம் அழுக்காகிவிட்டது, இப்படி இருந்தால் யார் வாங்குவார்கள் என்று குறை சொன்னார். ஹோண்டாவும் அதைச் சரிசெய்தார். வரலாற்றில் சாச்சியின் பெயர் ஓரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டியின் முதல் குறையைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

சுமார் 500 பழைய எஞ்சின்களும் தீர்ந்துபோனதும் 1947-ல் சொந்த எஞ்சின் செய்தார். 1948 செப்டம்பர் 24-ஆம் தேதி ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. அப்போது மொத்தம் 34 பேர்தான் வேலை பார்த்தார்கள்.

இரண்டு நண்பர்கள்

1949-ல் டக்கேயோ ஃபுஜிசாவா என்பவர் வந்து சேர்ந்தார். வண்டி செய்வது ஹோண்டா, விற்பதும் பணக் கணக்குப் பார்ப்பதும் ஃபுஜிசாவா என்று பிரித்துக்கொண்டார்கள். இங்கேதான் முத்திரை மறுபடி வருகிறது. கம்பெனித் தலைவரின் முத்திரை இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது. அந்த முத்திரையை ஹோண்டா அப்படியே ஃபுஜிசாவாவிடம் கொடுத்துவிட்டார். சின்ன வயதில் அப்பாவின் முத்திரையைக் கள்ளத்தனமாகச் செய்தவர், பெரியவரானதும் தன் முத்திரையையே இன்னொருவரை நம்பிக் கொடுத்தார்.

1954-ல் கம்பெனி கடனில் தத்தளித்தது. அந்த நேரத்திலேயே, பிரிட்டன் பக்கம் உள்ள மான் தீவில் நடக்கும் உலகப் புகழ் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஜெயிப்போம் என்று ஹோண்டா அறிவித்தார். நேரில் போய்ப் பார்த்து அதிர்ந்துபோனார். ஐரோப்பிய எஞ்சின்களின் சக்தி தன் எஞ்சினைப் போல மூன்று மடங்கு இருந்தது. ஐந்து வருடம் உழைத்து 1959-ல் முதல் தடவை கலந்துகொண்டபோது ஆறாவது இடம் வந்தது. 1961-ல் 125 சி.சி., 250 சி.சி. இரண்டு பந்தயத்திலும் முதல் ஐந்து இடங்களையும் ஹோண்டா வண்டிகளே பிடித்தன.

1958-ல் சூப்பர் கப் என்ற சின்ன வண்டி வந்தது. சாப்பாடு கொண்டுபோகிற கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பதற்காக, கையால் பிடிக்கிற கிளட்ச்சே இல்லாமல் செய்தார்கள். காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம் என்பதால் பெண்களும் சுலபமாக ஓட்டினார்கள். 2017-க்குள் 10 கோடி வண்டிகள் செய்துவிட்டார்கள்.

அடுத்து கார். ஜப்பானில் கார் கம்பெனிகள் அதிகம் வேண்டாம், புதிதாக யாரும் வரக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவரப் பார்த்தது. ஹோண்டா அதிகாரிகளோடு வாதாடினார். சட்டம் வருவதற்குள் முந்திக்கொண்டு 1963-லேயே ஒரு குட்டி லாரியையும் ஒரு சின்ன காரையும் விற்பனைக்கு விட்டார். அந்தச் சட்டம் கடைசியில் நிறைவேறவே இல்லை. 1965-ல் மெக்சிகோவில் நடந்த ஃபார்முலா ஒன் கார் பந்தயத்திலும் ஹோண்டா ஜெயித்தது.

பெரியவர் விட்டுக்கொடுத்தார்

ஹோண்டாவிடம் குறையும் உண்டு. பொல்லாத கோபக்காரர். வேலையில் தப்பு நடந்தால் கத்துவார், சில சமயம் அடித்தும்விடுவார். பெரிய மனிதர் செய்தார் என்பதற்காக அதைச் சரி என்று சொல்ல முடியாது.

பிடிவாதமும் அதிகம். எஞ்சினைக் காற்றால் குளிரவைப்பதுதான் சிறந்தது என்று அடித்துச் சொன்னார். இளம் பொறியாளர்கள் தண்ணீரால் குளிரவைத்தால்தான் புகையைக் குறைக்க முடியும் என்றார்கள். 1968-ல் பிரான்ஸ் பந்தயத்தில் ஹோண்டாவின் காற்றுக் குளிர்ச்சிக் கார் விபத்துக்குள்ளாகி ஜோ ஷ்லெஸ்ஸர் என்ற ஓட்டுநர் இறந்தார். அப்பவும் ஹோண்டா மாறவில்லை. டடாஷி குமே என்ற பொறியாளர் மனம் வெறுத்துச் சில நாள் வேலைக்கே வரவில்லை. 1969-ல் ஃபுஜிசாவா ஹோண்டாவிடம், நீங்கள் கம்பெனித் தலைவராக இருக்கப் போகிறீர்களா, பொறியாளராகவா என்று கேட்டார். ஹோண்டா யோசித்தார். தலைவராகவே இருக்கிறேன் என்று சொல்லி, இளைஞர்களின் வழிக்கு விட்டுவிட்டார். எதிர்த்து நின்ற அந்தக் குமேயே 1983-ல் கம்பெனித் தலைவரானார்!

அந்த இளைஞர்கள் செய்தது சாதாரண வேலை இல்லை. 1970-ல் அமெரிக்கா, கார் புகையில் உள்ள நச்சுவாயுவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. பெரிய கம்பெனிகள் எல்லாம் முடியாது என்றன. ஹோண்டாவின் ஆட்கள் எஞ்சினில் ஒரு குட்டி அறை வைத்து, அங்கே முதலில் தீப்பொறி போட்டு, அந்தச் சுவாலையால் மீதி எரிபொருளை நிதானமாக எரியவைத்தார்கள். 1972-ல் அந்த எஞ்சின் சோதனையில் தேறியது. அது சிவிக் காரில் வந்தது. ஹோண்டா கார் என்றால் எஞ்சின் நல்லா இருக்கும் என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவ இது பெரிய காரணம்.

இதைச் செய்தால் பெரிய கம்பெனிகளை முந்திவிடலாம் என்று ஹோண்டா நினைத்தார். இளைஞர்களோ, கம்பெனிக்காக இல்லை, குழந்தைகள் நல்ல காற்றைச் சுவாசிக்கத்தான் செய்கிறோம் என்றார்கள். இவர்கள் நம்மைத் தாண்டிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு 1973-ல் ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் ஒன்றாகவே ஓய்வு பெற்றார்கள். தன் பிள்ளையைப் பதவியில் உட்காரவைக்கவில்லை.

கடைசி நாட்கள்

ஓய்வு பெற்றதும் ஜப்பான் முழுக்க இருந்த தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் போய், வேலை செய்தவர்களுக்குக் கை கொடுத்து நன்றி சொன்னார். ஓரிடத்தில் ஒரு தொழிலாளி கையில் எண்ணெய்க் கறை என்று கழுவ ஓடினார். ஹோண்டா தடுத்து, அந்தக் கையையே பிடித்துக் குலுக்கினார். அது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த வாசனை அல்லவா!

1991 ஆகஸ்ட் 5-ஆம் தேதி 84 வயதில் காலமானார். கார் செய்கிறவனின் சாவால் ரோட்டில் நெரிசல் ஆகக்கூடாது, பெரிய இறுதி ஊர்வலம் வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள்.

நம்ம நாட்டில் 1984-ல் ஹீரோ கம்பெனியோடு சேர்ந்து வந்ததுதான் ஹீரோ ஹோண்டா. 2010-ல் பிரிவதாக அறிவித்தார்கள். ஆனாலும் நிறைய ஊர்களில் பெரியவர்கள் அந்தப் பெயரைத்தான் இன்னும் சொல்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியுமா? ஹோண்டா கம்பெனி விமானமும் செய்கிறது. 2015-ல் முதல் விமானத்தை வாங்கியவரிடம் ஒப்படைத்தார்கள். மரத்தின் மேல் உட்கார்ந்து விமானம் பார்த்த பையன் அப்போது உயிரோடு இல்லை.

தோழிகளே, தோழர்களே! மார்க் குறைந்தால் ஹோண்டாவை உதாரணம் காட்டித் தப்பிக்க வேண்டாம். எனக்கு இது தெரியவில்லை, சொல்லிக் கொடுங்கள் என்று 30 வயதில் ஆசிரியர் முன் போய் நின்ற ஹோண்டாவைக் காட்டுங்கள். நமக்குப் பதினாலு வயதுதானே ஆகிறது. கேட்பதற்கு வெட்கம் எதற்கு?

— ஒன்பதாம் வகுப்பு மாணவி